ஸ்லீவ்மோர்: கூரை இல்லாத ஊர். போனவர்கள் சொல்லுங்கள்

மே மாதக் கடைசியில் அக்கில் தீவுக்குப் போயிருந்தேன். அயர்லாந்தின் மேற்கு ஓரம், மேயோ கவுண்டி. பெயர்தான் தீவு, 1887லேயே பாலம் போட்டுவிட்டார்கள், டப்ளினிலிருந்து காரிலேயே போய்விடலாம், நாலு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். ஸ்லீவ்மோர் மலையடிவாரத்தில் ஆள் இல்லாத கிராமம் ஒன்று இருக்கிறது, பார்த்துவிட்டு வா என்று கூட வேலை பார்ப்பவர் சொல்லியிருந்தார். இடிந்த வீடு நாலைந்து நிற்கும் என்று நினைத்துப் போனால் எண்பது, நூறு வீடு, மலைச்சரிவை ஒட்டி ஒன்றரை கிலோமீட்டருக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. ஒன்றுக்கும் கூரை இல்லை. உள்ளே எல்லாம் ஆடுகள்.

ஒரு வீட்டுக்குள் குனிந்து நுழைந்தேன். மொத்தமே ஒரு அறை, ஏழெட்டு அடி எடுத்து வைத்தால் எதிர்ச்சுவர். காரை, சுண்ணாம்பு எதுவும் கிடையாது, கல் மேல் கல்லை அடுக்கியே எழுப்பியிருக்கிறார்கள். ஒரு பக்கம் அடுப்பும் மனிதர்களும், இன்னொரு பக்கம் மாடு. சுவரில் மாடு கட்டுகிற வளையம் ஒன்று இன்னும் இருக்கிறது, அதற்குள் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். வெளியே வந்தால் சரிவு முழுக்கப் பட்டை பட்டையாக மேடும் பள்ளமும். உருளைக்கிழங்குக்குப் போட்ட மேட்டுப்பாத்திகள். புல் மூடிவிட்டது, ஆனால் சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது ஒவ்வொரு பாத்தியும் தனித்தனியாக எழுந்து நிற்கிறது.

போட்டோ எடுத்து, 'பஞ்சத்தில் ஒரே நாளில் செத்த ஊர்' என்று தலைப்பும் யோசித்து வைத்திருந்தேன். ஆடு தேடி வந்த ஒரு பெரியவர் கேட்டுவிட்டுச் சிரித்தார். "செத்த ஊரா? எங்கள் பாட்டி சின்ன வயதில் கோடைக்குக் கோடை இங்கேதானே இருந்தாள்" என்றார்.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். 1845இல் கிழங்கு அழுகல் நோய் வந்ததும் நாடு முழுக்கச் சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள், இன்னொரு பத்து லட்சம் பேர் கப்பல் ஏறினார்கள், இதெல்லாம் உண்மை. மலைக்கு அந்தப் பக்கம் டூகோர்ட்டில் எட்வர்ட் நாங்கிள் என்ற பாதிரியார் 1830களிலேயே புராட்டஸ்டன்ட் மிஷன் தொடங்கியிருந்தார். பஞ்சத்தில் அங்கே கஞ்சி ஊற்றினார்கள், ஆனால் கஞ்சிக்காக மதம் மாறினவன் என்ற ஏச்சும் கூடவே வந்தது. பின்னால் தீவில் பெரும்பகுதி நிலமும் மிஷன் கைக்கே போனது. ஸ்லீவ்மோர்க்காரர்கள் பலர் கொஞ்சம் கொஞ்சமாகக் கடலோரம் டூவாக்குக்கு இறங்கினார்கள், மீனாவது கிடைக்குமே. ஆனால் பழைய வீட்டை விடவில்லை. கோடையில் மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்து தங்குவார்கள், 'பூலி' என்று பெயர், நம் கிடை போடுகிற மாதிரி. 20ஆம் நூற்றாண்டிலும் அது நடந்திருக்கிறது. தலைப்பை அழித்துவிட்டேன்.

வேறு யாராவது அந்தப் பக்கம் போயிருக்கிறீர்களா?

பதில்:
நான் போனது சைக்கிளில். வெஸ்ட்போர்ட்டிலிருந்து அக்கில் வரை 42 கிலோமீட்டர் கிரீன்வே, முன்பு ரயில் தண்டவாளம் கிடந்த பாதை. இதமான ஏற்றம், வலப்பக்கம் மலை, இடப்பக்கம் கடல், பாட்டுப் போட்டுக்கொண்டு ஜாலியாக மிதித்தேன். அன்று ராத்திரி தங்கின வீட்டுக்கார அம்மாதான் அந்தப் பாதையின் கதையைச் சொன்னார். 1894 ஜூனில் தீவின் இளசுகள் ஸ்காட்லாந்துக்குக் கிழங்கு தோண்டப் புறப்பட்டார்கள். வெஸ்ட்போர்ட்டில் கப்பல் ஏறுவதற்காகப் படகில் வந்துகொண்டிருந்தபோது படகு கவிழ்ந்து 32 பேர் போய்விட்டார்கள். ரயில் பாதை அப்போது முறைப்படி திறக்கவே இல்லை, அதில் அக்கிலுக்கு வந்த முதல் ரயில் அந்தச் சவங்களை ஏற்றி வந்ததுதான். 1937 செப்டம்பரில் ஸ்காட்லாந்தில் கிர்க்கின்டில்லாக் என்ற ஊரில் தொழிலாளர்கள் தூங்கின கொட்டகை தீப்பிடித்து அக்கில் பையன்கள் 10 பேர். அவர்களையும் ரயிலில்தான் கொண்டுவந்தார்கள், அந்த மாதத்தோடு பாதையையே மூடிவிட்டார்கள். இரண்டு தடவையும் அடக்கம் அக்கில் தீவின் கில்டவ்நெட் கல்லறையில். மறுநாள் திரும்பி மிதிக்கும்போது பாட்டுப் போடவில்லை.

பதில்:
நெருப்புச் சக்கர வண்டி வரும், முதல் வண்டியும் கடைசி வண்டியும் பிணம் சுமக்கும் என்று பிரையன் ருவா என்ற அந்தப் பக்கத்து ஜோசியர் 17ஆம் நூற்றாண்டிலேயே சொல்லிவிட்டாராமே, அந்த அம்மா அதைச் சொல்லவில்லையா? எனக்கு மூன்று பேர் சொன்னார்கள். நான் நம்பவில்லை, ரயில் வந்தபிறகு ஒட்டவைத்த கதை மாதிரிதான் இருக்கிறது. இந்த மாதிரி விபத்துக்கு ஜோசியம் வேண்டாம் பாஸ், வருடா வருடம் ஊர்ப்பிள்ளைகளைக் கூலிக்குக் கடல் தாண்டி அனுப்பினால் என்றைக்காவது இப்படித்தான் ஆகும்.

பதில்:
டூவாக் போனவர்கள் மேலே கோரிமோர் பக்கம் ஏறிப் பார்த்தீர்களா? சார்லஸ் பாய்காட் அங்கேதான் வருடக்கணக்கில் குடியிருந்தார். ஆமாம், அதே பாய்காட். அப்புறம் மாஸ்க் ஏரிப் பக்கம் எஸ்டேட் ஏஜென்ட்டாகப் போய், 1880இல் குத்தகைக்காரர்கள் அவரோடு பேச்சு, வேலை, கடை எல்லாவற்றையும் நிறுத்த, பெயரே வினைச்சொல்லாகிவிட்டது. இன்னொன்று, டூவாக் கடற்கரை 1984இல் புயலில் மணலே இல்லாமல் போய் வெறும் பாறையாகக் கிடந்தது, 2017இல் சில நாளில் மணல் திரும்பி வந்தது, 2019இல் புயலில் மறுபடி போய்விட்டது! நடுவில் நான் போனபோது குழந்தைகள் அதில் ஃபுட்பால் ஆடிக்கொண்டிருந்தன.

முதல் பதிவர்:
கில்டவ்நெட்டை விட்டுவிட்டு வந்திருக்கிறேன் பாருங்கள், அங்கே இருக்கிற பழைய கோட்டைக் கோபுரத்தை மட்டும் காரிலிருந்தே பார்த்தேன். செப்டம்பரில் மறுபடி போகிறேன். ஸ்லீவ்மோர் போகிறவர்களுக்கு: வண்டியைக் கல்லறை பக்கத்தில் நிறுத்திவிட்டு நடக்க வேண்டும், முழுக்கச் சேறு, நல்ல பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். சுவர்மேல் ஏறாதீர்கள், கல் ஆடுகிறது.