கூடா, கூண்டா? சுள்ளி சுமக்கும் புழுவுக்கு ஒரு சொல்

குழு அன்பர்களுக்கு வணக்கம்.

கருவேல மரத்தில் எடுத்த படத்தைப் போட்டு, "விரல் நீளத்தில் ஒரு சுள்ளிக்கட்டு, தொட்டால் அசைகிறது. இது என்ன? தமிழில் இதற்குப் பெயர் உண்டா?" என்று நண்பர் கேட்டு ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. முதல் கேள்வியை யாரும் தொடவில்லை. இரண்டாவதற்கு மட்டும் மடல் மேல் மடல். நம் குழுவின் வழக்கம் அது. நான் முதலிலிருந்து வருகிறேன்.

படத்தில் இருப்பது ஓர் அந்துப்பூச்சியின் புழு. சைக்கிடே குடும்பம். சுள்ளிகளை நீளவாக்கில் நெருக்கி அடுக்கியிருப்பதையும் மரத்தையும் பார்த்தால் யூமெட்டா கிராமெரி என்ற இனமாக இருக்கும் என்று நினைக்கிறேன். புழு தன் வாயிலிருந்து வரும் பட்டு நூலால் ஒரு குழலை நெய்து, சுள்ளிகளை அளவாகக் கடித்து வெட்டி வெளிப்பக்கம் ஒட்டிக்கொள்கிறது. தான் வளர வளர அதையும் பெரிதாக்கிக்கொண்டே போகும். மேய்வதற்குக் குழலின் மேல்வாய் வழியே தலையையும் ஆறு கால்களையும் மட்டும் நீட்டும். எச்சம் கீழ்வாய் வழியே போய்விடும். தொட்டால் உள்ளே இழுத்துக்கொண்டு வாயையும் சேர்த்து மூடிக்கொள்ளும்.

எங்கள் வேலியில் அசைவில்லாமல் தொங்கிய ஒன்றைப் போன மாதம் பிரித்துப் பார்த்தேன். கையால் கிழிக்க முடியவில்லை. சுள்ளிகளை நகவெட்டியால் ஒவ்வொன்றாகப் பிய்த்தெடுத்த பிறகு, உள்ளே சாம்பல் நிறத்தில் அழுத்தமான துணி மாதிரி ஒரு குழல். கத்தரிக்கோல் போட்டுத்தான் வெட்டினேன். உள்ளே பழுப்பு நிறத்தில் ஒரு காலித் தோல், அதற்குள் பொடி மணல்போல முட்டை ஓடுகள். அது பெண். இந்த இனத்துப் பெண்ணுக்குச் சிறகு முளைப்பதே இல்லை. வளர்ந்த பிறகும் குழலுக்குள்ளேயே இருக்கும். சிறகுள்ள ஆண் தேடி வரும். முட்டையிடுவதும் உள்ளேதான். குஞ்சுப் புழுக்கள் நூல்விட்டு இறங்கிக் காற்றோடு அடுத்த கிளைக்குப் போகும்.

இனி சொல்லுக்கு வருவோம்.

'கூடு' என்று முடித்துவிடலாமே என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். முடியாது. கூடும் புழுவும் சேர்ந்தால் கூட்டுப்புழு. அது பள்ளிப் பாடநூலிலேயே வேறு பருவத்துக்குப் பட்டா போட்டுக் கொடுத்த சொல்: முட்டை, புழு, கூட்டுப்புழு, முழுப்பூச்சி. மேய்ந்து திரிகிற புழுவைப் போய்க் கூட்டுப்புழு என்றால் எட்டாம் வகுப்புப் பிள்ளையே திருத்தும். போதாக்குறைக்குப் பட்டுக்கூடும் இருக்கிறது. நம் புழுவும் கடைசியில் தன் சுள்ளிக்கட்டுக்குள்ளேயே கூட்டுப்புழு ஆகிறது. அந்த வாக்கியத்தை எப்படி எழுதுவது?

'பைப்புழு' என்பது 'பேக்வார்ம்' என்ற ஆங்கிலப் பெயரின் நேர்நகல். அதுகூடப் பரவாயில்லை, ஆனால் யாராவது இடம்விட்டுத் தட்டச்சினால் 'பைப் புழு' ஆகிவிடும். படிக்கிறவர் குழாயைத் திறந்து பார்ப்பார். 'உறைப்புழு' காதுக்குக் காரமாக இருக்கிறது.

குடம்பை என்று முன்மொழிந்தவருக்குச் சங்கடத்தோடுதான் மறுப்புச் சொல்கிறேன், எனக்கும் பிடித்த சொல். ஆனால் "குடம்பை தனித்தொழிய" என்று 338ஆம் குறள் சொல்லும்போது பறவை பறந்துபோகிறது, குடம்பை தனியே கிடக்கிறது. பரிமேலழகர் அதை முட்டை என்பார், மற்றவர் கூடு என்பார். எப்படியானாலும் விட்டுப் போவதுதான் அங்கே பொருள். நம் பெண் அந்து விட்டுப் போவதே இல்லையே.

ஜப்பானியர் இதை மினோமுஷி என்கிறார்கள். மினோ என்றால் வைக்கோலில் பின்னிய மழைக்கோட்டு. நம் ஊரில் சாக்கை மடித்துக் கொங்காணி போட்டுக்கொண்டு நாற்று நடுவார்களே, அதுபோல. 'கொங்காணிப் புழு' என்று ஒரு நாள் முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அழகுதான். ஆனால் கொங்காணிக்கே இன்று விளக்கக் குறிப்பு எழுத வேண்டியிருக்கிறது.

என் முன்மொழிவு புதுச்சொல் அல்ல. நெல் வயலில் கூண்டுப்புழு என்று ஒன்று உண்டு. இலை நுனியைக் கத்தரித்தது போல வெட்டி, சுருட்டிக் குழலாக்கி, அதற்குள் இருந்தபடி தண்ணீரில் மிதந்து பயிருக்குப் பயிர் போகும். பயிரின் குறுக்கே கயிற்றை இழுத்து உதிர்த்துவிட்டுத் தண்ணீரை வடிப்பார்கள். கூண்டுகள் தண்ணீரோடு போய்விடும். வேளாண் கையேடுகளும் இதே பெயரைத்தான் எழுதுகின்றன. புழு தானே செய்து உடன்கொண்டு திரிகிற வீட்டுக்குச் சொல் வயலிலேயே இருக்கும்போது நாம் எதற்கு அகராதியைக் குடைய வேண்டும்?

கூண்டு என்றால் அடைத்து வைப்பது, இது தானே கட்டிக்கொண்டதாயிற்றே என்று கேட்டிருந்தார்கள். கூண்டு வண்டியை மறந்துவிட்டோம். வளைத்துப் பாய் வேய்ந்த அந்தக் கூண்டு யாரையும் அடைக்கவில்லை. வெயில் மழைக்கு மறைப்பாக வண்டியோடு கூடவே போனது. கூடு இருந்த இடத்தில் இருக்கும், கூண்டு கூடவே வரும். கிளி ஜோசியர் கையில் இருப்பதும் கூண்டுதான். (நீதிமன்றக் கூண்டு நகராது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இலங்கையில் இந்தப் பூச்சிக்குச் சிங்களத்தில் விறகுக்கட்டு என்று பெயர் இருந்ததாகவும், முற்பிறவியில் விறகு திருடியவர்களே இப்படிப் பிறக்கிறார்கள் என்று நம்பியதாகவும் அங்கே பிரிட்டிஷ் அரசின் செயலராக இருந்த எமர்சன் டென்னன்ட் 1861இல் எழுதியிருக்கிறார். அந்தக் கணக்கில் இது குற்றவாளிக் கூண்டேதான்.)

நெல் பூச்சியோடு குழம்பாதா? முன்னால் ஒரு சொல் சேர்த்தால் போதும். நெல் கூண்டுப்புழு, சுள்ளிக் கூண்டுப்புழு. ஓடையில் மணலையும் பொடிக்கல்லையும் ஒட்டிக் குழல் செய்கிற டிரைகாப்டெரா வரிசைப் புழுக்களுக்கு மணற்கூண்டு பொருந்தும். ஜெர்மானியர் அவற்றை அம்பறாத்தூணிப் பூச்சி என்கிறார்கள், அதனால் 'தூணி' கேட்டவரின் ஆசை புரிகிறது. ஆனால் எல்லாக் கூண்டும் மணல் இல்லை, இலை, குச்சி என்று இனத்துக்கு இனம் மாறும். ஹியூபர் டுப்ரா என்ற பிரெஞ்சுக் கலைஞர் 1980களில் இந்தப் புழுக்களுக்குத் தங்கத் துகளும் முத்தும் கொடுத்துப் பார்த்தார். அவை பேசாமல் அதையும் எடுத்து ஒட்டிக்கொண்டன. தங்கக் கூண்டு!

அப்புறம், வீட்டுச் சுவரில் வெள்ளரி விதை மாதிரித் தட்டையாக, சாம்பல் நிறத்தில் ஊர்ந்து போகுமே, அதுவும் சுள்ளிப் புழுவைப் போல அந்துப்பூச்சியின் புழுதான், குடும்பம் மட்டும் வேறு. இரண்டு முனையும் திறந்திருக்கும். எந்தப் பக்கமும் தலையை நீட்டும். நூலாம்படையையும் உதிர்ந்த முடியையும் தின்கிறது. அதற்கு 'தூசிக்கூண்டு' என்று எழுதி வைத்திருக்கிறேன், இதைவிட நல்லதாக யாராவது சொன்னால் மாற்றிக்கொள்ளலாம்.

ஞாயிறுவரை பார்த்துவிட்டு விக்சனரியில் 'கூண்டு' பக்கத்தில் இந்தப் பொருளையும் சேர்க்கிறேன்.

படம் அனுப்பிய நண்பருக்கு: டப்பாவில் போட்டு மேசைமேல் வைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். அசைகிறது என்றால் உள்ளே ஆள் இருக்கிறது. தினம் பச்சைக் கருவேல இலை கொஞ்சம் போடுங்கள். முடியாது என்றால் எடுத்த கிளையிலேயே கொண்டுபோய் விட்டுவிடுங்கள்.