மறு: பியரின் 'ஹெட்': நுரைத்தலையா, நுரைமுடியா?

> 'நுரைத்தலை' என்றே வைத்துவிடலாம். சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது.

வணக்கம் ஐயா. நம் பியர் கையேட்டுக்கு, கோப்பையில் பியரின் மேல் நிற்கும் நுரையைக் குறிக்கும் 'ஹெட்' (head, தலை) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம்.

சொல்லுக்குச் சொல் பொருந்துவதுதான் எனக்கு இடிக்கிறது. பாலின் மேல் படிவதை ஆடை என்கிறோம், பால்தலை என்பதில்லை. நுரைக்கோ நம்மிடம் ஏற்கனவே ஒரு வினை இருக்கிறது: நுரை 'கட்டும்'. ரசம் நுரை கட்டி வந்ததும் இறக்கு என்று எல்லா வீட்டிலும் சொல்கிறார்கள். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரை கட்டாது. அதனால் என் பரிந்துரை 'நுரைக்கட்டு'. 'நுரைமுடி' கேட்க அழகுதான். ஆனால் பியர்க் கோப்பையில் முடி என்று எழுதினால் வாசகர் முதலில் வேறொன்றைத்தான் தேடுவார்.

உடற்கட்டு, கட்டுக்கோப்பு என்னும்போது வரும் பொருளும் இதில் சேர்கிறது. சோடாவின் நுரை சீறி எழுந்து அந்த நொடியே அடங்கிவிடும். பியரின் நுரை நிற்கும். பார்லியிலிருந்து வரும் புரதமும் ஹாப் பூவின் கசப்புப் பொருளும் சேர்ந்து குமிழியின் சுவரைப் பிடித்து நிறுத்துகின்றன. கோப்பையில் எண்ணெய்ப் பிசுக்கோ உதட்டுச் சாயமோ இருந்தால் அந்தக் கட்டு குலைந்துபோகும்.

> நுரை கூடினால் அளவு குறையும். கையேட்டில் 'நுரை வராமல் ஊற்றவும்' என்று போட்டால் போதாதா?

போடவே கூடாது. டீக்கடையில் பாதி தம்ளர் நுரையைப் பார்த்து ஏமாந்த கோபம் இது, எனக்கும் உண்டு. ஆனால் ஜெர்மனியில் கோப்பையிலேயே அளவுக்கோடு போட்டிருப்பார்கள். பியர் கோடுவரை, நுரை அதற்கு மேலே. இழப்பு எதுவும் இல்லை. நுரையே எழாமல் ஊற்றினால் வாயு பியருக்குள்ளேயே தங்கி, குடித்த பிறகு வயிற்றை உப்ப வைக்கும்.

செக் நாட்டின் பிராகில் ஒரு பியர்க்கூடத்தில் கல்லாவை ஒட்டி நின்று பார்த்திருக்கிறேன். வார்ப்பவர் முதலில் கோப்பையின் உட்புறத்தைக் குளிர்ந்த நீரில் அலசினார். துடைக்கவில்லை, ஈரத்தோடே சாய்த்துப் பிடித்தார். குழாயின் பிடி பக்கவாட்டில் இருந்தது. அதைக் கொஞ்சமாகத் திருப்பியதும் வந்தது பியர் இல்லை, நுரை மட்டும். குழாய் மூக்கில் உள்ள சல்லடை வழியாக, வெண்ணெய் போல நெருக்கமாக இறங்கியது. அது மூன்று விரல் உயரம் ஆனதும் மூக்கை நுரைக்குள் அமிழ்த்திப் பிடியை முழுக்கத் திறந்தார். பியர் நுரைக்கு அடியில் நிறைந்து, நுரையைத் தூக்கிக்கொண்டு விளிம்புவரை வந்தது. காற்று பியரைத் தொடவே இல்லை. நம் ஊரில் பாட்டிலைத் திறந்து ஊற்றும்போது நடப்பதற்கு நேர் எதிர்: இங்கே நுரைதான் முதலில்.

இந்த வார்ப்புக்குச் செக் மொழியில் 'ஹ்லடின்கா' என்று பெயர். அதே குழாயிலிருந்து வரும் இன்னொன்று 'ஷ்னிட்': நுரை கூடுதல், பியர் குறைவு. மூன்றாவது 'ம்லீகோ': ஏறக்குறைய கோப்பை முழுக்க நுரை, ஒரே மூச்சில் குடிப்பது. ம்லீகோ என்றால் பால். இதற்கெல்லாம் கலைச்சொல் தேட வேண்டாம், பெயர்களை அப்படியே விடலாம். 1842இல் பில்சென் நகரில் பிறந்த பியரை 'பில்ஸ்னர்' என்றுதானே எழுதுகிறோம்?

> பியருக்கே தமிழ்ச்சொல் வேண்டாமா? சங்க காலத்துத் 'தோப்பி' இருக்கிறதே.

தோப்பி நெல்லில் சமைத்த கள். பார்லிக்கு அதைக் கடன் கொடுத்தால் பிறகு தோப்பியைப் பற்றி எழுதச் சொல் இருக்காது. பியர் பியராகவே இருக்கட்டும்.

வினைக்கு 'ஊற்று' வேண்டாம், 'வார்' என்று வைப்போம். ஊற்றுவதில் கவனம் தேவையில்லை, வார்ப்பதில் தேவை. தோசை வார்ப்பவர்களுக்குத் தெரியும். 'வார்ப்பு' இரும்புப் பட்டறைச் சொல்லாயிற்றே என்று போன மடலில் ஒருவர் கேட்டிருந்தார். இடத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும், குழப்பம் வராது.

கையேட்டில் பாட்டிலுக்கான வரியை இப்படி எழுதியிருக்கிறேன்: "கோப்பையை 45 பாகை சாய்த்து, உட்சுவரில் வழியும்படி பாதிக்கு மேல் வார்க்கவும். பிறகு நிமிர்த்தி நடுவில் வார்க்கவும். நுரைக்கட்டு இரண்டு விரல் நிற்க வேண்டும்." கின்னஸ் என்னும் அயர்லாந்துக் கருப்பு பியருக்குத் தனி வரி: முக்கால் கோப்பை வார்த்து, பொங்கி அடங்கும்வரை காத்திருந்து, மீதியை நிரப்பவும். அதில் கார்பன் டை ஆக்சைடோடு நைட்ரஜனும் இருப்பதால் குமிழிகள் மிகச் சிறியவை, அடங்க நேரமாகும். முழு வார்ப்புக்கும் கின்னஸ் நிறுவனம் சொல்லும் கணக்கு 119.5 நொடி. அந்த அரை நொடியை யார் அளந்தார்களோ! 'பொங்கி அடங்குதல்' போதும், இதற்குப் புதுச்சொல் வேண்டாம் என்பது என் கருத்து.

இன்னும் முடிவாகாத சொல் ஒன்றுதான். குடிக்கக் குடிக்கக் கோப்பையின் உட்சுவரில் வளையம் வளையமாக ஒட்டி நிற்கும் நுரைக்கு 'நுரைவரி' என்று எழுதி வைத்திருக்கிறேன். கடற்கரையில் அலை விட்டுப்போகும் கோட்டுக்கு மீனவர்களிடம் ஒரு சொல் இருக்கும் என்று தோன்றுகிறது. நெய்தல் பக்கத்து நண்பர்கள் யாராவது சொன்னால் அதையே எடுத்துக்கொள்கிறேன்.