பிளாக் வெகுமதி பாதியானால் மைனிங் தொழில் எப்படித் தாக்குப்பிடிக்கிறது?

செல்லாக்காசு (கேள்வி):

பிட்காயின் பரிவர்த்தனைகளை பிளாக் எனப்படும் தொகுப்புகளாகப் பதிவு செய்ய இயந்திரங்களை ஓட்டுபவர்கள்தான் மைனர்கள். ஒவ்வொரு பிளாக்குக்கும் அவர்களுக்குப் புதிதாகக் கிடைக்கும் வெகுமதி 2024 ஏப்ரலில் 6.25 பிட்காயினிலிருந்து 3.125 ஆகக் குறைந்தது. வருமானம் ஒரே நாளில் பாதியாகி, மின்கட்டணம் மட்டும் அப்படியே இருந்தால் எந்தத் தொழிலையும் இழுத்து மூடவேண்டியதுதான். ஆனால் 2012, 2016, 2020 ஆகிய ஆண்டுகளிலும் மைனர்கள் இதே அடியை வாங்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் வலையமைப்பின் மொத்தக் கணக்கிடும் திறன் சில காலத்தில் முன்பைவிட உயர்ந்தே இருக்கிறது. ஒரு காயினின் உற்பத்திச் செலவு இரட்டிப்பாவதால் விலையும் இரட்டிப்பாகியே தீரும் என்று பலர் எழுதுகிறார்கள். அந்த விளக்கம் எனக்கு ஒப்பவில்லை. விலை ஏறாமல் போனால் இந்தத் தொழில் எப்படிப் பிழைக்கும் என்பதைக் கணக்கோடு யாராவது விளக்க முடியுமா?

மின்கணக்கு:

மைனிங்கில் கிடைப்பது ஒரு நிலையான தொகையின் பங்குதான் என்பதிலிருந்து தொடங்கினால் பாதி குழப்பம் தீர்ந்துவிடும். நாளொன்றுக்கு ஏறத்தாழ 144 பிளாக்குகள், அதாவது இப்போது சுமார் 450 பிட்காயின். எத்தனை இயந்திரங்கள் ஓடினாலும் இந்தத் தொகை மாறாது. ஒரே திறனுள்ள 100 இயந்திரங்கள் இதைப் பங்கிடுவதாக வைத்துக்கொள்வோம். வெகுமதி பாதியானதும் கட்டுப்படியாகாத 30 இயந்திரங்கள் அணைக்கப்பட்டால், மீதமுள்ள 70 இயந்திரங்களும் அந்தப் பங்கையும் சேர்த்துப் பிரித்துக்கொள்கின்றன. ஆகவே அவை ஒவ்வொன்றின் வருமானமும் பழையதில் 50 சதவீதத்தில் நிற்பதில்லை, சுமார் 71 சதவீதத்துக்கு ஏறிவிடுகிறது. ஆனால் இது உடனே நடப்பதில்லை. ஒரு பிளாக்கை உருவாக்குவது எவ்வளவு கடினம் என்ற அளவு (கடினத்தன்மை) 2,016 பிளாக்குகளுக்கு ஒருமுறைதான், ஓடும் இயந்திரங்களின் திறனுக்கேற்பத் திருத்தப்படுகிறது. வழக்கமாக அதற்கு இரண்டு வாரம் ஆகும், இயந்திரங்கள் விலகியிருந்தால் பிளாக்குகள் மெதுவாக வருவதால் இன்னும் தாமதமாகும். அதுவரை எஞ்சியிருப்பவர்கள் அடியை முழுமையாகத் தாங்கியாக வேண்டும்.

முதலில் அணைவது எது என்பதும் தெளிவானது. பழைய மைனிங் இயந்திரமான ஆன்ட்மைனர் எஸ்9 சுமார் 14 டெராஹாஷ் (ஒரு டெராஹாஷ் என்பது நொடிக்கு லட்சம் கோடி கணக்கீடுகள்) திறனுக்கு ஏறக்குறைய 1.4 கிலோவாட் இழுக்கிறது. அதன் புதிய வகையான எஸ்21, 200 டெராஹாஷுக்கு 3.5 கிலோவாட் இழுக்கிறது. ஒரு எஸ்21 செய்யும் வேலைக்கு 14 எஸ்9-களை அடுக்கினால் 19 கிலோவாட்டுக்கு மேல் செலவாகும். இரண்டுக்கும் ஒரே மின்கட்டணம் என்றால் எது ஓடும், எது பழைய இரும்புக்குப் போகும் என்று சொல்லத் தேவையில்லை.

வலையமைப்பே நின்றுபோகாதா என்று அஞ்சுபவர்கள் 2021-ஐப் பார்க்கலாம். மைனிங்குக்குச் சீன அரசு விதித்த தடையால் ஹாஷ்ரேட் (வலையமைப்பின் மொத்தக் கணக்கிடும் திறன்) ஏறத்தாழ பாதியாகச் சரிந்தது, அவ்வாண்டு ஜூலைத் தொடக்கத்தில் கடினத்தன்மை ஒரே திருத்தத்தில் சுமார் 28 சதவீதம் இறங்கியது. பிளாக்குகள் சில வாரங்கள் மெதுவாக வந்தன, அவ்வளவுதான்.

நிறைகோல்:

உற்பத்திச் செலவு விலையைத் தூக்கும் என்ற வாதத்தை நீங்கள் சந்தேகித்தது சரியே. தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டால் சந்தைக்கு வரும் தங்கம் குறையும், அதனால் விலை ஏறக்கூடும். பிட்காயினில் மைனர்கள் மூடிக்கொண்டு போனாலும், திருத்தத்துக்குப் பிறகு அதே 450 காயின்கள் வந்துகொண்டுதான் இருக்கும். எனவே இங்கே செலவுதான் விலையைப் பின்தொடர்கிறது. புதிய காயின்களின் வரத்து குறைவதால் விலைக்கு ஓரளவு ஆதரவு கிடைக்கலாம் என்பது வேறு வாதம். நான்கே நிகழ்வுகளை வைத்து அதை விதியாக்குவது என் பார்வையில் அவசரம்.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். வாங்கிய இயந்திரத்துக்குக் கொடுத்த பணம் போனது போனதுதான்; அதை இன்று ஓட்டலாமா என்ற கேள்விக்கு மின்கட்டணமும் பராமரிப்பும் மட்டுமே பொருட்டு. முதலீட்டைத் திரும்ப எடுக்கவே முடியாது என்று தெரிந்த பின்னும் ஒருவர் ஓட்டிக்கொண்டிருப்பது இதனால்தான், அதில் முட்டாள்தனம் ஏதுமில்லை. புதிதாக வாங்குபவருக்கோ அடுத்த முறை வெகுமதி பாதியாவதற்குள் (பாதியாக்கம்) முதலீடு திரும்ப வேண்டும் என்ற கெடு இருக்கிறது. கடன் வாங்கி இயந்திரம் வாங்கியவர்களின் கணக்கில் இந்த இரண்டும் கலந்துவிடுகின்றன: இயந்திரம் அன்றாடச் செலவை ஈட்டினாலும் தவணையை ஈட்டாது. கோர் சயின்டிஃபிக் என்ற மைனிங் நிறுவனம் 2022 டிசம்பரில் திவால் பாதுகாப்பு கோரியபோது பாதியாக்கம் எதுவும் நடக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். விலைச்சரிவும் மின்செலவும் கடனும் சேர்ந்தே போதுமானதாக இருந்தன.

செல்லாக்காசு:

நன்றி, பங்கு பற்றிய விளக்கம் தெளிவாக இருந்தது. ஆனால் 2028-இல் 1.5625, பிறகு அதிலும் பாதி என்று போனால், கடைசியில் காயின் அனுப்புபவர்கள் செலுத்தும் பரிவர்த்தனைக் கட்டணம் மட்டும்தானே மிஞ்சும்? அது போதுமா?

ஆற்றுமணல்:

போதுமா என்பதைவிட, அது சீராக வருமா என்பதே எனக்குப் பெரிய கவலையாகத் தெரிகிறது. 2024-இல் வெகுமதி பாதியான அதே 8,40,000-ஆவது பிளாக்கில், ரூன்ஸ் (பிட்காயின் வலையமைப்பின் மேல் புதிய டோக்கன்களை உருவாக்கும் முறை) பரபரப்பின் காரணமாக, கட்டணம் மட்டும் 37 பிட்காயினைத் தாண்டியது. அடுத்த சில வாரங்களிலேயே கட்டணம் மீண்டும் வெகுமதியின் சிறு பகுதியாகச் சுருங்கியது. வெகுமதி பெரிதாக இருக்கும்வரை இந்த ஏற்ற இறக்கம் பொருட்டில்லை. அது கரைந்த பிறகு, கட்டணம் கொழுத்த ஒரு பிளாக்கைத் தொடர்ந்து அடுத்ததை உருவாக்குவதைவிட, அதே பிளாக்கைத் தானே மறுபடி உருவாக்கிக் கட்டணத்தைப் பறித்துக்கொள்ள ஒரு பெரிய மைனருக்கு ஆசை வரலாம். காத்திருக்கும் பரிவர்த்தனைகள் குறைவான நேரத்தில் இயந்திரங்களை அணைத்துவைப்பதும் லாபகரமாகிவிடும்.

மொனேரோ என்ற இன்னொரு கிரிப்டோ நாணயம் இதை வேறு வழியில் தீர்த்துக்கொண்டது: 2022 ஜூனிலிருந்து ஒரு பிளாக்குக்கு 0.6 காயின் என்ற அளவோடு நின்றுவிட்டது, அது அதற்குமேல் குறையாது. பிட்காயினில் அப்படிச் செய்தால் மொத்தம் 2.1 கோடி காயின்கள் என்ற உச்சவரம்பு உடையும். அதற்கு உடன்பாடு ஏற்படும் என்று நான் நம்பவில்லை. மைனர்களும் கட்டணத்தை நம்பிக் கைகட்டிக் காத்திருக்கவில்லை. மேலே குறிப்பிடப்பட்ட கோர் சயின்டிஃபிக்கே 2024 ஜனவரியில் திவால் நடைமுறையிலிருந்து மீண்டு, அவ்வாண்டு ஜூனில் தன் மின்வசதியின் ஒரு பகுதியைச் செயற்கை நுண்ணறிவுக் கணினிப் பணிக்குக் கோர்வீவ் நிறுவனத்துக்கு நீண்டகால ஒப்பந்தத்தில் கொடுத்தது. அடுத்த பாதியாக்கத்தில் ஒரு மைனர் ஒப்பிட்டுப் பார்க்கப்போவது பக்கத்து மைனரின் செலவை மட்டுமல்ல, அதே ஒரு மெகாவாட்டுக்கு மற்றவர்கள் கொடுக்க முன்வரும் வாடகையையும்தான்.