பவளத்தொட்டி விளக்கு: பிஏஆர் அளவைத் தமிழில் எப்படிச் சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம்.

கடல்நீர்ப் பவளத்தொட்டிக்கான எல்இடி விளக்கு ஒன்றின் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். நீர்மட்டத்துக்கு மேலே 20 முதல் 30 செ.மீ. உயரத்தில் விளக்கைத் தொங்கவிட்டு, பிஏஆர் அளவைப் பார்த்து ஏற்றி இறக்கச் சொல்கிறது. 400 முதல் 700 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள, ஒளிச்சேர்க்கைக்கு உதவும் ஒளி அது. 'ஒளிச்சேர்க்கைசார் செயற்படு கதிர்வீச்சு' என்று போட்டேன், படத்தின் கட்டத்துக்குள் அடங்கவில்லை. PAR என்ற ஆங்கிலச் சுருக்கத்தை அப்படியே 'பார் 150' என்று எழுதினால் ஏவல்வினையாகப் படிப்பார்கள். சிறிய சொல் ஒன்று தாருங்கள்.

அல்சூர், பெங்களூரு

*

அன்பரே,

'ஊட்டொளி' என்று வையுங்கள். காண், காட்டு என்பதுபோல் உண், ஊட்டு. ஊட்டொளி வினைத்தொகை, முக்காலத்துக்கும் பொருந்தும். பவளத்தின் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசி இந்த ஒளியைக்கொண்டு உணவு ஆக்கிப் பவளத்துக்கும் ஊட்டுகிறது. இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

இன்னொன்று. பவளம் என்று ஏன் எழுத வேண்டும்? துகிர் என்ற பழஞ்சொல் இருக்கிறது. 'பொன்னும் துகிரும் முத்தும்' என்று புறநானூறு 218 சொல்கிறதே! துகிரும் சிவப்பைக் குறிக்கும் துவரும் ஒருவேர்ச் சொற்கள் என்பது என் துணிபு. ககரமும் வகரமும் மயங்குவதற்குச் சான்றுகள் உண்டு, தனியே விரிவாக எழுதுகிறேன். துகிர்த்தொட்டி என்றே எழுதலாம்.

ஜாலஹள்ளி

*

ஐயா, துகிர் வேண்டாம் என்பதற்குச் சொல்லைத் தாண்டியும் காரணம் உண்டு. நகைக்குப் போகும் செம்பவளத்தின் உடலில் அந்தப் பாசி கிடையாது. அது மங்கலான இடத்தில், நீரில் வரும் இரையைப் பிடித்து வாழ்வது. இந்த விளக்கே அதற்குத் தேவையில்லை. நம் தொட்டியில் இருப்பவை பச்சையும் ஊதாவும் பழுப்புமாக ஒளியை நம்பி வாழ்பவை.

ஊட்டொளி காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தொட்டி வைத்திருப்பவர்கள் நைட்ரேட், பாஸ்பேட்டைத்தான் ஊட்டம் என்கிறோம். 'ஊட்டம் கூடிவிட்டது', 'ஊட்டொளி கூடிவிட்டது' இரண்டும் வேறு வேறு கோளாறு. முன்னதற்குத் தண்ணீர் மாற்ற வேண்டும், பின்னதற்கு விளக்கை உயர்த்த வேண்டும்.

வெளிச்சம் என்றும் போட்டுவிடாதீர்கள். நம் கண்ணுக்குப் பச்சைதான் பளிச்சென்று தெரியும், நீலம் மங்கல். நீல எல்இடி எரியும் தொட்டி அரையிருட்டாகத் தோன்றும்போதே பவளத்துக்கு ஒளி மிஞ்சியிருக்கலாம். வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் மீட்டரும் நம் கண்ணைப் போலவே அளப்பதால் அதுவும் ஏமாற்றும். விளக்கு தாழ்ந்து தொங்கினால் லென்ஸுக்கு நேர்கீழே இருக்கும் கிளை நுனி வெளுக்கும், மூலையில் இருப்பது இருண்டு பழுப்பாகும். உயர்த்தினால் ஒளி பரவும், ஆனால் செறிவு குறையும். மென்பவளத்துக்கு பிஏஆர் 50 முதல் 150 வரை போதும், கிளைவிடும் கற்பவளம் 200க்கு மேல் கேட்கும். பாறை உச்சியிலும் மணலிலும் தனித்தனியே அளந்துதான் உயரத்தை முடிவுசெய்ய வேண்டும்.

என் ஓட்டு 'பயனொளி'.

இந்திரா நகர்

*

பயனொளிக்கு நானும் சரி. பள்ளிப் பிள்ளைக்கும் புரியும். 'சேர்க்கையொளி' என்றால் பாடநூலோடு ஒட்டும், ஆனால் சேர்க்கை என்றதும் கல்லூரி அட்மிஷன்தான் நினைவுக்கு வருகிறது.

தில்லி

*

எல்லோருக்கும் நன்றி. பெரும்பாலோர் பயனொளி என்பதால் அதையே போடுகிறேன். முதல் இடத்தில் மட்டும் 'பிஏஆர் எனப்படும் பயனொளி' என்று இருக்கும். துகிர் இப்போதைக்கு இல்லை, ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அல்சூர்

*

துகிரை விட்டுக்கொடுக்கிறேன், செம்பவளம் பற்றிச் சொன்னது சரியான மறுப்பு. பயனொளியை ஏற்க மாட்டேன். யாருக்குப் பயன் என்பதை அந்தச் சொல் சொல்லவில்லை. நான் புத்தகம் படிக்கும் விளக்கும் பயனொளிதானே? ஊட்டம் குழப்பும் என்றால் 'பாசியொளி' என்றாவது வையுங்கள். அடுத்த பதிப்பு வரும்போது மறுபடி கேட்பேன்.

ஜாலஹள்ளி