புதுப்பிப்பு: மனிஹிக்கி பவளத்தீவுப் பயணமும் கறுப்பு முத்தும்

தென் பசிபிக் கடலில் உள்ள குக் தீவுகளின் வடக்கே இருக்கும் மனிஹிக்கிக்குப் போவது பற்றி முன்பு எழுதியதில், முத்து வாங்குவதை இரண்டே வரியில் முடித்திருந்தேன். அது போதாது என்று பலர் கேட்டதால் இது.

முதலில் பயணம். குக் தீவுகளின் தலைமைத் தீவான ரரோதொங்காவிலிருந்து ஏறத்தாழ 1,200 கி.மீ.; சிறு விமானம், அதுவும் அரிதாகத்தான். திரும்பும் நாள் தள்ளிப்போகலாம். ஆகவே அடுத்த சர்வதேச விமானத்துக்குப் பல நாள் இடைவெளி விடுங்கள். நியூசிலாந்து டாலரை ரொக்கமாகவே கொண்டுபோங்கள். தங்குமிடத்தை முன்கூட்டியே பேசி முடித்துவிடுங்கள்.

முத்துப் பண்ணையில் கவனிக்க வேண்டியது ஒட்டுவேலைதான். சிப்பியைச் சற்றே திறந்து, ஆப்பு செருகி, இனப்பெருக்க உறுப்பில் சிறு கீறல் போடுவார்கள். நன்னீர்ச் சிப்பி ஓட்டில் கடைந்த உருண்டை மணியை உள்ளே வைத்து, வேறொரு சிப்பியின் மேலுறையிலிருந்து (ஓட்டின் உட்புறத்தை ஒட்டியிருக்கும் மெல்லிய சதை) வெட்டிய ஓரிரு மில்லிமீட்டர் துண்டை அதன்மேல் ஒட்டுவார்கள். துண்டு மணியைத் தொடாவிட்டால் மணியைச் சுற்றி முத்துப் பூச்சைச் சுரக்கும் முத்துப்பை உருவாகாது. மணி வெறும் மணியாகவே கிடக்கும். முதல் சில வாரங்களில் சிப்பியே மணியைத் துப்பிவிடுவதும் உண்டு. தப்பினால் முத்து விளைய 18 முதல் 24 மாதம்.

சிப்பிகளை நெருக்கமாகத் தொங்கவிடுவது பெரிய ஆபத்து. 2000இல் மனிஹிக்கியில் சிப்பி நோய் பரவிப் பண்ணைகள் நொடித்ததற்கு அந்த நெரிசலும் ஒரு காரணம்.

வாங்கும்போது முத்தை வெள்ளைத் துணியில், நிழலான பகல் வெளிச்சத்தில் மெல்ல உருட்டுங்கள். முத்தில் விழும் பிம்பம் விளிம்பு மங்காமல் தெரிந்தால் பளபளப்பு நல்லது. வளையக் கோடு விழுந்தவை விலை குறைவு. நிறம் பல வேளை அவற்றில்தான் அழகு.