சுவருக்கு அந்தப் பக்கம்: விலகிப்போன மாணவரைத் தேடிச் சென்ற அனுபவம்

கொள்ளிடக் கரையோரக் கத்தோலிக்கப் பங்கு (ஒரு கோவிலைச் சேர்ந்த இறைமக்கள் சமூகம்) ஒன்றில் 22 ஆண்டுகளாக ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு எடுத்துவருகிறேன். விசுவாசத்தை உறுதிப்படுத்தும் அருட்சாதனமான உறுதிபூசுதல் முடிந்த கையோடு பிள்ளைகள் பூசைக்கு வருவதை நிறுத்துவது எங்களுக்குப் பழகிப்போன வருத்தம். ஆனால் "நான் இனிமேல் கிறிஸ்தவன் இல்லை" என்று மகன் வீட்டிலேயே சொல்லிவிட்டதை அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்தில் தாய்மார்கள் அழுதுகொண்டே பகிரத் தொடங்கியபோதுதான், பங்குத்தந்தை எங்களைக் கூட்டி என்ன செய்யலாம் என்று கேட்டார்.

முதலில் தவக்காலத்தில் மூன்று நாள் இளைஞர் தியானம் நடத்தினோம். பூண்டி மாதா கோவிலுக்கு நடைப்பயணமும் போனோம். வந்தவர்கள் எப்போதும் வருகிற பிள்ளைகளே.

பிறகு வீடு வீடாகச் சென்றோம். ரோமில் 2018 அக்டோபரில் இளையோர் குறித்து ஆயர் மாமன்றம் நடந்தது. அதன் தொடர்ச்சியாக 2019இல் திருத்தந்தை பிரான்சிஸ் எழுதிய மடலில், உலகைக் கண்டிப்பதோடு நின்றுவிடாமல் இன்னும் அதிகம் செவிகொடுக்கும் திருச்சபையை இளையோர் சிலர் விரும்புவதாகச் சொல்லியிருந்தார். பங்குத்தந்தை அதைப் படித்துக்காட்டி, யாரிடமும் வாதிடாமல் கேட்டுவிட்டு மட்டும் வாருங்கள் என்று அனுப்பினார்.

என்னிடம் படித்தபோது பத்துக் கட்டளைகளைத் தடுமாறாமல் ஒப்பித்த மாணவர் ஒருவர், ஆவணி மாதக் காலையொன்றில் சம்பா நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். வரப்பில் நின்றே பேசினோம். "எங்கள் தாத்தாவை எந்தப் பக்கம் புதைத்தார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா, டீச்சர்?" என்று கேட்டார். எனக்குத் தெரியும். எங்கள் கல்லறைத் தோட்டத்தின் நடுவே இடுப்பளவுச் சுவர் இருக்கிறது. என் பெற்றோர் இந்தப் பக்கம். தலித் குடும்பத்தினர் அந்தப் பக்கம். கல்லறைத் திருநாளான நவம்பர் 2 தோறும் அந்தச் சுவரோரமாக நடந்து சென்று மெழுகுவத்தி ஏற்றியிருக்கிறேனே தவிர, அது ஏன் அங்கே நிற்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. "எல்லோரும் ஒரே தந்தையின் பிள்ளைகள் என்று நீங்கள் சொல்லிக்கொடுத்த வாரத்தில்தான் தாத்தாவை அந்தப் பக்கம் தூக்கிப்போனார்கள்" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் ஆயர் டேனியல் வில்சன் 1833இல் சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று ஆணையிட்டபோது, தஞ்சாவூரில் அதை ஏற்க மறுத்துப் பலர் விலகினார்கள். அன்று சாதியை விட மனமில்லாதவர்கள் போனார்கள். இன்று அதைப் பொறுக்க முடியாத பிள்ளைகள் போகிறார்கள். திருச்சபைக்குள் பாகுபாடு இருப்பதை இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016ஆம் ஆண்டின் தலித் மேம்பாட்டுக் கொள்கையில் ஒப்புக்கொண்டிருக்கும்போது, பாட்டும் நடைப்பயணமும் இவர்களைத் திருப்பி அழைத்துவரும் என்று நாங்கள் நம்பியது பெரும் பிழை.

அந்த மாணவர் சொன்னதை அப்படியே பங்குப் பேரவையில் வைத்தேன். இரண்டு கூட்டங்களில் கடுமையான வாக்குவாதம் நடந்தது. சுவர் இன்னும் நிற்கிறது. கடந்த கல்லறைத் திருநாளன்று பங்குத்தந்தை முதன்முறையாக அந்தப் பக்கத்திலிருந்து கல்லறைகளை ஆசீர்வதிக்கும் மந்திரிப்பைத் தொடங்கினார். மழைத் தூறலில் அந்த மாணவர் தம் தாய்க்குக் குடை பிடித்தபடி தாத்தாவின் கல்லறையருகே நின்றிருந்தார். பூசைக்கு வாருங்கள் என்று நான் அழைக்கவில்லை. பேரவையில் என்ன முடிவாயிற்று என்று அவர் கேட்டார். அடுத்த கூட்டம் எந்தத் தேதியில் என்பதைச் சொன்னேன்.