புதுப்பிப்பு: 6 அங்குல டொப்சோனியன் தொலைநோக்கி வந்து சேர்ந்தது

எதை வாங்கலாம், 114 மில்லிமீட்டர் தொலைநோக்கியும் ஆட்டம் காணும் முக்காலியுமா, 6 அங்குல டொப்சோனியனா (தாழ்வான பெட்டித் தாங்கியில் திரும்பும் ஆடித் தொலைநோக்கி) என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பலரும் சொன்னபடி டொப்சோனியனையே எடுத்தேன். குவியத்தூரம் 1200 மில்லிமீட்டர். அதைக் கண்வில்லையின் குவியத்தூரத்தால் வகுத்தால் உருப்பெருக்கம்: 25 மில்லிமீட்டர் கண்வில்லைக்கு 48 மடங்கு, 10க்கு 120.

முதல் இரவு ஏமாற்றம்தான். வியாழன் தண்ணீரில் கரைந்த சீனி மாதிரித் தெரிந்தது. லொறியில் குலுங்கி வந்ததில் ஆடிகள் விலகியிருந்தன. ஒரு விண்மீனைக் குவியம் தப்ப வைத்துப் பார்த்தேன். ஒரே மையத்தில் தெரியவேண்டிய ஒளி வளையங்கள் ஒரு பக்கம் ஒதுங்கி நின்றன. பெரிய ஆடியின் பின்திருகுகளை மெல்லத் திருப்பி நடுவுக்குக் கொண்டுவர அரை மணி நேரம். (நுளம்புக்கடி தனிக்கணக்கு.)

அப்புறம் மட்டக்களப்பில் கல்லடியின் வெளிச்சத்தை விட்டு, வாவி தாண்டிப் படுவான்கரை வயல்பக்கம் போனோம். தெற்கே தென்சிலுவை, அதற்கு இடப்பக்கம் மேலே ஒமேகா சென்டாரி என்ற கோள வடிவ விண்மீன் கொத்து. 48 மடங்கில் வெறும் பஞ்சு. 120இல் விளிம்பெல்லாம் உப்புத்தூள் சிதறினாற்போல் விண்மீன்கள்! லண்டனில் இருக்கும் மச்சானுக்கு இது அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. சொல்லிக் கடுப்பேற்றினேன்.

ஆடியை உப்புக்காற்றிலிருந்து எப்படிக் காப்பது என்று கேட்டவருக்கு: ஆடியைத் துடைப்பதில்லை, பனி ஈரம் தானாகக் காய்ந்த பிறகே மூடுகிறேன்.